ஜிராஃபடைட்டன் மாதிரியின் கழுத்து நிற்க மாட்டேன் என்கிறது

ஜிராஃபடைட்டன் என்ற நீண்ட கழுத்து டைனோசரின் எலும்புக்கூட்டை 20-இல் 1 பங்கு அளவில் செய்துகொண்டிருக்கிறேன். அசல் விலங்கின் கழுத்து சுமார் 8.5 மீட்டர், என்னுடையது 42 சென்டிமீட்டர். 13 கழுத்து எலும்புகள், களிமண்ணில் செய்து நடுவே செம்புக் கம்பி கோத்திருக்கிறேன். மூன்று வாரமாக ஒரே தொல்லை: சாயங்காலம் நிமிர்த்தி வைத்தால் காலையில் தலை முன்னங்கால் முட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. வளைவது எப்போதும் தோளை ஒட்டிய மூன்று எலும்புகளில்தான்.

கம்பியைத் தடிமனாக்கினேன், களிமண்ணில் விரிசல் விட்டது. அசலில் காற்றுப்பைகள் புகுந்து எலும்பைக் குடைந்திருக்குமே, அதைப் பார்த்து நானும் உள்ளே குடைந்தேன். எடை பாதியானது, ஆனாலும் தொங்கல் நிற்கவில்லை. அப்புறம் முதுகெலும்பின் மேலே நைலான் நூல் கட்டி இழுத்தேன். இது ஓரளவு பலித்தது, ஆனால் கழுத்து பக்கவாட்டில் திருகிக்கொள்கிறது.

மிச்சம் இருப்பது கழுத்தின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் நீண்ட கழுத்து விலா எலும்புகள். அவை எலும்பாக மாறிய தசைநாண்கள் என்கிறார்கள். அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி முட்டுக்கொடுக்க வேண்டுமா, இல்லை வழுக்கும்படி தளர்வாக விட வேண்டுமா?