ஒப்பந்தக்காரர் வழி வேலை: கூலியும் பாதுகாப்பும் தொழிலாளியிடம் போய்ச் சேர என்ன வழி?

தறிநூல்:
வளரும் நாடுகளில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. குறைந்தபட்சக் கூலி, ஓவர்டைம், காப்பீடு எல்லாம் ஏட்டில் இருக்கிறது. ஆனால் ஆலைக்கும் தொழிலாளிக்கும் நடுவே இரண்டு மூன்று ஒப்பந்தக்காரர்கள் வந்துவிட்டால், யார் சட்டையைப் பிடிப்பது என்றே தெரிவதில்லை. தொழிலாளர் துறை ஆய்வாளர்களையோ விரல்விட்டு எண்ணலாம். ஆய்வாளர்களைக் கூட்டுவதா, சான்றிதழ் முறையா, வேறு ஏதாவதா? நடைமுறையில் எது பலன் தருகிறது?

பதிவேடு:
ஆட்கள் வேண்டும்தான். மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு ஐஎல்ஓ (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) வைத்த அளவே 40,000 தொழிலாளருக்கு ஓர் ஆய்வாளர். அதையும் எட்டாத நாடுகள் நிறைய. ஆனால் போகிறவர் எதைப் பார்க்கிறார் என்பது அதைவிட முக்கியம். வருகைப் பதிவேட்டை மட்டும் புரட்டினால் ஏமாற வேண்டியதுதான், இரட்டைக் கணக்கு அவ்வளவு சகஜம்.

தையல் ஆலை என்றால் உடைந்த ஊசிப் பதிவேட்டைக் கேளுங்கள். ஊசித் துண்டு துணியில் தங்கினால் சரக்கே திரும்பிவிடும் என்பதால், தேதி, நேரம், மெஷின் எண் எல்லாம் அதில் ஒழுங்காக எழுதியிருப்பார்கள். வருகைப் பதிவில் ஞாயிறு விடுமுறை, ஊசிப் பதிவில் ஞாயிறு இரவு 9 மணிக்கு மூன்று ஊசி உடைந்திருக்கிறது என்றால், மறைத்த ஓவர்டைம் அகப்பட்டது. கேட் பதிவும் ஜெனரேட்டர் டீசல் கணக்கும்கூட இப்படிக் காட்டிக்கொடுக்கும். தொழிலாளியிடம் பேசுவது ஆலைக்கு வெளியே, சூப்பர்வைசர் கண்ணில் படாத இடத்தில்.

பில்பாஸ்:
தறிநூல், பணம் யார் கையில் இருக்கிறதோ அவரைப் பிடியுங்கள். ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால், அவருக்கு வேலையைக் கொடுத்த முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும் என்று இந்தியாவின் 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே சொன்னது. கூலி நின்றபிறகு அதைக் காட்டி வழக்காடுவதைவிட, ஒப்பந்தக்காரர் பில் பாஸாகும் இடத்திலேயே கேட்டுவிடுவது மேல்: போன மாத வருகைப் பட்டியல், வங்கியில் கூலி போட்ட விவரம், பெயர்ப் பட்டியலோடு பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கட்டிய சலான். மூன்றும் ஒத்துப்போகாமல் பில் நகரக் கூடாது.

மொத்தத் தொகையைப் பார்த்து டிக் போடாதீர்கள். ஒரே சலானை மூன்று சைட்டுக்கும் இணைத்து அனுப்புவது பழைய வித்தை. தொகை சரியாகவே இருக்கும், பெயர்கள்தான் வேறு. கூலி வங்கி வழியே போனாலும் ஏடிஎம் கார்டுகள் ஒப்பந்தக்காரர் பையில் இருக்கலாம். பத்துப் பேர் கணக்கில் ஒரே மொபைல் எண், அல்லது ஒரே ஏடிஎம்மில் அடுத்தடுத்த நிமிடங்களில் பத்துப் பேர் கூலியும் எடுக்கப்பட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

நிலையான முதலாளி இல்லாத சுமைப்பணிக்கு மகாராஷ்டிரத்தின் 1969 மாத்தாடி சட்டத்தைப் பாருங்கள். வியாபாரி கூலியையும் அதற்கு மேல் லெவி என்ற கூடுதல் தொகையையும் இதற்கென உள்ள வாரியத்தில் கட்டுகிறார், வாரியம் தொழிலாளிக்குப் பட்டுவாடா செய்கிறது. பிஎஃப், விடுப்புச் சம்பளம், போனஸ் எல்லாம் லெவியிலிருந்து. பத்து வியாபாரிக்கு மூட்டை தூக்கினாலும் கணக்கு ஒன்றே. சந்தை, கிடங்கு மாதிரி ஓரிடத்தில் குவிந்த வேலைக்கு இது ஓடும். வீட்டு வேலைக்கு அப்படியே பொருந்தாது.

தறிநூல்:
நன்றி. சான்றிதழ் பற்றி யாரும் பேசவில்லையே?

பதிவேடு:
பேசும்படி அதில் பெரிதாக ஒன்றுமில்லை என்பது என் எண்ணம். 2012 செப்டம்பரில் கராச்சியில் எரிந்து 250 பேருக்கு மேல் பலிகொண்ட ஆடை ஆலை, சில வாரம் முன்புதான் தொழிலாளர் நிலைமை சரியாக இருக்கிறது என்று காட்டும் எஸ்ஏ8000 சான்றிதழ் வாங்கியிருந்தது. தணிக்கைக்குக் காசு கொடுப்பவரே தணிக்கைக்கு உள்ளாகிறவர் என்றால் வேறென்ன நடக்கும்?

2013 ஏப்ரலில் ஆடை ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தபின் வங்கதேசத்தில் வந்த அக்கார்டு வேறு ரகம். பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் போட்ட, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். ஆய்வறிக்கைகள் பொதுவில் வெளியாகும். பழுதுபார்க்க மறுக்கும் ஆலைக்கு, கையெழுத்திட்ட எந்த பிராண்டும் ஆர்டர் தராது. பிராண்டே சொன்னதைச் செய்யாவிட்டால் நடுவர் தீர்ப்புக்கு இழுக்கலாம். இரண்டு வழக்குகள் நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள நடுவர் மன்றம் வரை போய்ச் சமரசத்தில் முடிந்தன. ஆனால் அது பார்த்தது கட்டடம், தீ, மின்சாரம். கூலியைத் தொடவில்லை, அதற்கு பில்பாஸ் சொன்ன வழிதான்.