வீல் அலைன்மென்ட்டுக்கு மூணு மடங்கு கொடுக்கலாமா?

பின்சீட்டு:

வணக்கம். ஒன்பது வருஷப் பழைய செடான், 1,08,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. கடந்த ஒரு வருஷத்துல மூணு தடவை அலைன்மென்ட் பண்ணிட்டேன், ஒரே டயர் கடையில. மூணு தடவையும் திரையில எல்லாம் பச்சை. "ஓகே சார், எடுத்துக்கோங்க"ன்னு இருபது நிமிஷத்துல சாவி கைக்கு வந்துடும்.

வெளிய வந்து நேர் ரோட்டைப் பிடிச்சா வண்டி நேராத்தான் போகும், ஸ்டியரிங் மட்டும் இடது பக்கம் சாஞ்சு நிக்கும். கண்ணுக்குத்தான் அப்படித் தெரியுதோன்னு ஸ்டியரிங் உச்சியில ஒரு வெள்ளை டேப்பும் அதுக்கு நேரா டாஷ்போர்டுல இன்னொண்ணும் ஒட்டிப் பாத்தேன். நேரா ஓட்டும்போது ரெண்டுக்கும் நடுவுல என் சுண்டுவிரல் அகலம் இடைவெளி. கடையில சொன்னா "ரோடு சாய்வா இருக்கும் சார்" என்கிறார்கள். எல்லா ரோடுமா?

போன வாரம் பின் இடது டயர் பஞ்சர். ஒட்டினவர் டயரைக் கழட்டிட்டு "உள்பக்கம் தடவிப் பாருங்க"ன்னார். தடவினேன், கம்பி குத்தி விரல்ல ரத்தம். வெளிய நின்னு பாத்தா பட்டன் (ரோட்டைப் பிடிக்கிற ரப்பர் மேடு) இன்னும் நல்லா இருக்கு, உள் ஓரம் மட்டும் மொட்டை. அந்த டயர் போட்டு 12,000 கிலோமீட்டர்தான் ஆச்சு.

அலைன்மென்ட் மட்டுமே பண்ற ஒருத்தரை விசாரிச்சேன். டயர் கடை வாங்குறதுல மூணு மடங்கு கேக்கிறார், வண்டியை அரை நாள் விடணுமாம். அதே மெஷின்தானே, எதுக்குக் கூடுதல்? கடைசியா வந்த பிரிண்ட்ல இருக்கிறது: முன் இடது டோ (மேலேருந்து பாத்தா சக்கரம் உள்ளயோ வெளியயோ திரும்பியிருக்கிற கோணம்) 0.05 டிகிரி, முன் வலது 0.06, கேம்பர் (சக்கரத்தோட உச்சி உள்ளயோ வெளியயோ சாஞ்சிருக்கிற கோணம்) மைனஸ் 0.4, மைனஸ் 0.6. பின்பக்கக் கட்டத்துல ஒண்ணும் இல்ல.

கணக்குப்பிள்ளை:

கொடுக்காதீங்க. மெஷின் அளக்கிறது கோணம், கோணம் யார் அளந்தாலும் கோணம்தான். நான் பதினஞ்சு வருஷமா வீட்லயே நூல் கட்டிப் பாக்கிறேன். நாலு முக்காலி, ரெண்டு நூல், ஒரு எஃகு ஸ்கேல். முன்பக்க, பின்பக்க அகலம் வித்தியாசப்படும், அதைக் கழிச்சு நூலை ஒண்ணுக்கொண்ணு இணையா வைக்கத் தெரிஞ்சா போதும். ரிம்மோட முன் விளிம்பு, பின் விளிம்பு ரெண்டுக்கும் நூல்லேருந்து தூரம் எடுத்தா டோ வந்துடும். ரிம்ல ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்னா சுமார் 0.15 டிகிரி. அவ்வளவுதான் வித்தை.

ஸ்பேனர் 17:

பின்சீட்டு சார், உங்க கேள்வியிலயே பதில் இருக்கு. கடைசி வரி. பின்பக்கக் கட்டம் காலி.

நான் இந்த மெஷின்ல பதினோரு வருஷம் நின்னவன், இப்ப வேற வேலை. அதனால கடைக்காரன் சார்பாப் பேசறேன்னு நினைக்காதீங்க. கட்டம் காலின்னா உங்க வண்டியோட பின் சக்கரத்தை மூணு தடவையும் யாரும் அளக்கவே இல்ல. முன் சக்கரம் ரெண்டையும் வண்டியோட நடுக்கோட்டுக்கு நேரா வைச்சு அனுப்பியிருக்காங்க. ஆனா வண்டி ஓடறது பின் சக்கரம் ரெண்டும் சேர்ந்து எந்தப் பக்கம் பாக்குதோ அந்தத் திசையில. அதைத் திரஸ்ட் லைன்னு சொல்வோம். அது இடது பக்கம் திரும்பியிருந்தா வண்டியோட உடம்பு நண்டு மாதிரி கொஞ்சம் வலது பாத்துக்கிட்டுப் போகும். நேராப் போகணும்னா முன் சக்கரத்தை உடம்புக்கு இடது பக்கமா ஒடிச்சுப் பிடிக்கணும். உங்க ஸ்டியரிங் இடது சாயுது, தேயறது பின் இடது.

சுண்டுவிரல் அகலம்னு எழுதினீங்களே, அது நல்ல அளவு. ஸ்டியரிங் விளிம்புல ஒரு சென்டிமீட்டர்னா ஏறக்குறைய மூணு டிகிரி. ஸ்டியரிங் மூணு டிகிரி திரும்பினா சக்கரம் திரும்பறது 0.2 அளவுக்குத்தான், பதினஞ்சுக்கு ஒண்ணு கணக்கு. அதனால பின்பக்கம் 0.2 டிகிரிக்குப் பக்கத்துல ஒரு கோணல் இருக்கணும். வண்டியைப் பாக்காம சொல்றேன், தப்பா இருந்தா திட்டுங்க.

இப்ப "எதுக்குக் கூடுதல்" என்கிற விஷயம். மெஷின் ஒண்ணுதான், கணக்குப்பிள்ளை சொல்றது சரி. காசு மெஷினுக்கு இல்ல, ஆளோட நேரத்துக்கு. ஒரு நாளைக்குப் பதினெட்டு வண்டி ஏத்தி இறக்கின நாள் எனக்கு உண்டு. அப்ப என்ன பண்ணுவோம்னா முன் டோவைப் பச்சைக்குக் கொண்டு வந்து இறக்கிடுவோம். டை ராடுல (ஸ்டியரிங்லேருந்து முன் சக்கரத்தைத் திருப்புற தண்டு, இதைத் திருகித்தான் டோ மாத்துவோம்) லாக் நட் துருப் பிடிச்சு ஒரு பக்கம் அசையாது. சூடு காட்டி, எண்ணெய் விட்டு, காத்திருந்து கழட்ட அரை மணி ஆகும். அது நம்மகிட்ட கிடையாது. அசையற பக்கத்தையே ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்துத் திருகினா மொத்த டோ சரியா வந்துடும், ஸ்டியரிங் கோணலா நிக்கும். "கொஞ்ச நாள்ல செட் ஆயிடும் சார்." நானே சொல்லியிருக்கேன். உலோகம் எப்படி சார் தானா செட் ஆகும்?

நேரம் வாங்குற ஆள் முதல்ல காத்தழுத்தம் பாப்பார். அப்புறம் வண்டியைத் தூக்கி டயரை 3 மணி, 9 மணி இடத்துல பிடிச்சு ஆட்டுவார், டை ராடு எண்ட் லூஸானா அதுல தெரியும். 12-லயும் 6-லயும் பிடிச்சு ஆட்டினா பால் ஜாயின்ட், பேரிங். கை வைச்சு ஆடுற ஒண்ணை மெஷின்ல அளக்கிறது, ஓடற பையனுக்கு உயரம் பாக்கிற மாதிரி. அதுக்கப்புறம்தான் கிளாம்ப் மாட்டி, வண்டியை முன்ன பின்ன உருட்டி ரிம் வளைவைக் கழிக்கிறது. ஸ்டியரிங்கை நேரா வைச்சு ஸ்டாண்ட் போட்டுப் பூட்டறது. பின்பக்கம் முதல்ல, முன்பக்கம் அப்புறம். காஸ்டர் (முன் சக்கரம் திரும்பற அச்சு முன்ன பின்ன சாஞ்சிருக்கிற கோணம்), கேம்பர் முடிச்சு கடைசியா டோ, ஏன்னா கேம்பரைத் தொட்டா டோ கலையும். முடிஞ்சதும் ஓட்டிப் பாக்கிறது.

பச்சைன்னா சரின்னு அர்த்தம் இல்ல சார். கம்பெனி கொடுத்த எல்லைக்குள்ள இருக்குன்னு அர்த்தம். எல்லையோட இந்தக் கரையில இடது, அந்தக் கரையில வலதுன்னு இருந்தாலும் ரெண்டும் பச்சைதான்.

கணக்குப்பிள்ளை:

ஸ்பேனர் அண்ணே, ஒரு இடம் இடிக்குது. பின்பக்கம் ஒரு சக்கரம் மட்டும் கோணல்னாலும், வண்டி நண்டு மாதிரி சாஞ்சு ஓடினதும் அந்தக் கோணல் ரெண்டு டயருக்கும் பாதிப் பாதியாப் பங்காகிடுமே. அப்புறம் இடது மட்டும் ஏன் மொட்டை?

ஸ்பேனர் 17:

சரியான கேள்வி. டோ பங்காகும். கேம்பர் பங்காகாது. இடது சக்கரத்தோட உச்சி உள்ள சாஞ்சிருந்தா பாரம் உள் ஓரத்துல உக்காரும். அந்த ஓரம் தரையில சும்மா உருண்டா மெதுவாத்தான் தேயும். டோவும் சேர்ந்து பக்கவாட்டுல இழுத்தா அரம் வைச்ச மாதிரிதான். 0.1 டிகிரி டோன்னா கிலோமீட்டருக்கு 1.7 மீட்டர் பக்கவாட்டு இழுவை. 12,000 கிலோமீட்டருக்குப் போட்டுப் பாருங்க, 20 கிலோமீட்டர் டயரைக் குறுக்கால தேய்ச்சிருக்கீங்க. அந்த டயரோட தரையில படற பரப்பை உள்ளங்கையால உள்ளேருந்து வெளிய ஒரு தடவை, வெளியேருந்து உள்ள ஒரு தடவை தடவுங்க. ஒரு பக்கம் வழுக்கி ஒரு பக்கம் ரம்பம் மாதிரி சுரண்டினா டோ. கம்பி இருக்கிற இடத்தை விட்டுட்டு தடவுங்க சார்.

மெதுவாப்போ:

என் அனுபவம் வேற. நானும் இப்படி ஒரு ஸ்பெஷலிஸ்ட்கிட்டப் போனேன். சின்ன ஹேட்ச்பேக், பின்பக்கம் டார்ஷன் பீம் (ரெண்டு பின் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற ஒரே இரும்புச் சட்டம்). நாலு சக்கரமும் அளந்து வண்ணத்துல பிரிண்ட் கொடுத்தார். பின்பக்கம் லேசா சிவப்பு. "இதுல திருக நட்டே இல்ல சார், அப்படியேதான் இருக்கும்"னார். அது காசு வாங்கறதுக்கு முன்னாடி தெரியாதா? முன்பக்க டோ மட்டும்தான் மாத்தினார். ஓட்டினா ஒரு வித்தியாசமும் தெரியல. எனக்கு 90-ல ஸ்டியரிங் நடுங்குற பிரச்சினை, அது அப்படியே இருந்தது.

ஸ்பேனர் 17:

நடுக்கம்னா பேலன்சிங்குக்குப் போகணும், அலைன்மென்ட்டுக்கு இல்ல. இந்த ரெண்டையும் குழப்பி எத்தனை பேர் காசு விட்டிருக்காங்கன்னு எண்ணி மாளாது. குறிப்பிட்ட வேகத்துல ஸ்டியரிங் நடுங்கினா டயர், ரிம் எடை சமமில்ல. அலைன்மென்ட் கோளாறு நடுங்காது, சத்தமில்லாம டயரைத் தின்னும்.

டார்ஷன் பீம் வண்டிக்கு ஷிம் (மெல்லிசுத் தகடு) வைச்சுத் திருத்த வழி உண்டு, நிறையப் பேர் அதுக்குள்ள போக மாட்டாங்க. அந்த வண்டிக்கு மூணு மடங்கு கொடுக்கிறது வீண்தான், குழியில விழுந்து பீம் வளைஞ்சிருந்தா ஒழிய. அவர் முன்னாடியே சொல்லியிருக்கணும். அதனால போன்லயே ஒரு கேள்வி கேளுங்க: "என் வண்டியில பின்பக்கம் எதைத் திருகுவீங்க?" பதில் சொல்லத் தடுமாறினா வைச்சிடுங்க. புது டயர் போட்டோம், வண்டி ஒழுங்கா ஓடுதுன்னா சாதா கடையே போதும். நாலு சக்கரமும் அளந்து, பண்றதுக்கு முன்ன ஒண்ணு, பின்ன ஒண்ணுன்னு அளவு கொடுக்கச் சொல்லுங்க, அவ்வளவுதான்.

பின்சீட்டு (மூணு வாரம் கழிச்சு):

போன்ல அந்தக் கேள்வியைக் கேட்டேன். "உங்களோடது மல்டி லிங்க், ஒவ்வொரு பின் சக்கரத்தையும் பல ஆர்ம் தனித்தனியாப் பிடிச்சிருக்கும். கீழ் ஆர்ம்ல எக்சென்ட்ரிக் போல்ட், அதாவது திருகினா சக்கரக் கோணத்தை மாத்தற போல்ட் இருக்கும், ஆனா இந்த வயசு வண்டியில அது திரும்புமான்னு தெரியாது"ன்னார். அந்த "தெரியாது"க்காகவே போனேன்.

முதல்ல என்னைப் பக்கத்துல உக்கார வைச்சு ஓட்டினார். வெள்ளை டேப்பைப் பாத்துச் சிரிச்சார். அப்புறம் மெஷின்ல ஏத்தி அளந்தார், ஒரு நட்டையும் தொடல. பின் இடது டோ மைனஸ் 0.31 (மைனஸ்னா சக்கரத்தோட முன் விளிம்பு வெளிய திரும்பியிருக்கு, பிளஸ்னா உள்ள), கேம்பர் மைனஸ் 2.2 (மைனஸ்னா உச்சி உள்ள சாஞ்சிருக்கு). பின் வலது டோ பிளஸ் 0.10, கேம்பர் மைனஸ் 1.3. திரஸ்ட் கோணம் 0.2 இடது. ஸ்பேனர் சாருக்குக் கும்பிடு.

அப்புறம் வண்டிக்கு அடியில என்னைக் கூப்பிட்டு, கீழ் ஆர்மோட புஷ்ல (ஆர்மை வண்டியோட இணைக்கிற இடத்துல இருக்கிற ரப்பர் உருளை) ஒரு நெம்புகோலைச் செருகி லேசா அழுத்தினார். ரப்பர் வாய் பிளந்துச்சு, உள்ள பளபளன்னு இரும்பு. "இதை மாத்தாம நான் அலைன்மென்ட் பண்ணினா, நீங்க பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் அது வேற எங்கயாவது போகும்"னார். எக்சென்ட்ரிக் போல்ட் புஷ்ஷோட ஸ்லீவ்ல துருவால ஒட்டிக்கிட்டு அறுத்துத்தான் எடுக்க வேண்டியதாச்சு. அதுக்கு மட்டும் ஒண்ணரை மணி நேரம். ஆர்ம் புதுசு, போல்ட் புதுசு, அதுக்குத் தனிக் காசு. அலைன்மென்ட்டுக்கு, முதல்ல அளந்ததையும் சேர்த்து, ஒரு தடவைதான் வாங்கினார். கடைசியா ஏதோ ஒயரை மாட்டி ஸ்டியரிங் ஆங்கிள் சென்சாரையும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டு வந்தார்.

இப்ப பின் இடது டோ 0.10, வலது 0.11. கேம்பர் மைனஸ் 1.4, மைனஸ் 1.3. ரெண்டு டேப்பும் நேருக்கு நேர். ஆனா 60-க்கு மேல பின்னாலேருந்து ஒரு 'ங்ங்ங்'னு சத்தம் வருது. இடது பக்கம் இப்ப ஸ்டெப்னி டயர் ஓடுது, அதுல தேய்மானமே இல்ல.

ஸ்பேனர் 17:

சந்தோஷம் சார். பின் வலது டயரையும் தடவிப் பாத்தீங்களா? டோ பங்காகும்னு கணக்குப்பிள்ளை சொன்னாரே.

பின்சீட்டு:

இப்பத்தான் போய்த் தடவினேன். ரம்பம். ரெண்டு டயர் வாங்கணும்.