அண்ணா சாலை தபால் நிலையத்துக்குள் ஒரு கொட்டகை: உங்கள் ஊமைப்பட அனுபவம் என்ன?

கொட்டகைவாசி

மகளுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட், தபால்தலை வேண்டுமாம். அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்தில் தபால்தலைக்கென்று தனிக் கட்டடம் இருக்கிறதே, அங்கே போனோம். இருபது நிமிடம் நின்றோம், வாங்கினோம், வந்தோம். ராத்திரி சும்மா போனில் தேடியபோதுதான் தெரிந்தது, அதுதான் பழைய எலெக்ட்ரிக் தியேட்டர். வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் ஊமைப்படம் ஓட்டிய இடம். படம் காட்டுவதற்கென்றே மெட்ராஸில் எழும்பிய முதல் கட்டடங்களில் ஒன்று.

தூக்கமே வரவில்லை. மறுவாரம் தனியாகப் போனேன். திரை எந்தச் சுவரில் இருந்திருக்கும் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பார்த்துத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவரிடம், "சார், இங்கே ஸ்க்ரீன் எந்தப் பக்கம் இருந்தது?" என்று கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துவிட்டு, "ஸ்க்ரீனா? துவைக்கக் கழட்டியிருப்பாங்க" என்றார்.

எந்தச் சுவர் என்று இன்று வரை தெரியாது. உங்களுக்கும் இப்படி விடாமல் துரத்தும் ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

நாஞ்சில்காரி

2023 பிப்ரவரி 10. பெங்களூர் ஆபீஸில் கம்ப்யூட்டரைத் திறந்தால் கூகுள் முகப்பில் பி. கே. ரோசி. பக்கத்து சீட்காரி, "உங்க ஊர்ப் பக்கம்னு போட்டிருக்கே, யாரு?" என்றாள். தெரியாது என்றேன். வெட்கமாக இருந்தது.

கதை உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். ஜே. சி. டேனியல் எடுத்த 'விகதகுமாரன்' படத்தின் கதாநாயகி. மலையாளத்தின் முதல் படம், ஊமைப்படம். தலித் பெண்ணான ரோசி அதில் நாயர் வீட்டுப் பெண்ணாக நடித்தார். அவர் தலையில் இருந்த பூவைக் கதாநாயகன் எடுத்து முத்தமிடும் காட்சி வந்ததும் திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் திரையின் மேல் கல் விழுந்தது. குடிசையைக் கொளுத்தினார்கள். அவர் ஊரை விட்டே ஓடி, ஒரு லாரி ஓட்டுநரோடு நாகர்கோவில் வந்து சேர்ந்தார். தான் நடித்த படத்தை அவர் கொட்டகைக்குள் உட்கார்ந்து பார்க்கவே இல்லை.

நாகர்கோவில்! நான் பிறந்து படித்த ஊர். டேனியலின் அகஸ்தீஸ்வரம் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் கூட இல்லை. அன்றைக்கே அம்மாவுக்குப் போன் போட்டேன். "சினிமாக்காரியா? இங்க அப்படி யாரும் இருந்ததாத் தெரியலையே மக்ளே" என்றாள். அம்மா எல்லார் வீட்டுக் கதையும் வைத்திருப்பவள். அவளுக்கே தெரியாமல் ஒருத்தி எங்கள் ஊரில் இத்தனை காலம் வாழ்ந்திருக்கிறாள். படச்சுருளும் இல்லை. அவருடையது என்று சுற்றும் அந்த ஒரே போட்டோவும் அவர்தானா என்பதில் சண்டை இருக்கிறது. கூகுள்காரன் வரைந்த முகம்தான் எனக்கு நினைவில் நிற்கிறது. அது பிடிக்கவும் இல்லை.

பழங்கணக்கு

நாஞ்சில்காரி 'விகதகுமாரன்' வெளியான ஆண்டைப் போடாமல் விட்டது நல்லது. 1928 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறார்கள், 1930 என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் புழக்கத்தில் உண்டு. எழுதும்போது இரண்டையும் சொல்லுங்கள்.

கொட்டகைவாசிக்கு ஒன்று. "முதல்" என்ற சொல்லை எடுத்தாலே எனக்குக் கை நடுங்கும். நீங்கள் "முதல் கட்டடங்களில் ஒன்று" என்று தப்பித்துக்கொண்டீர்கள், சரி. ஆனால் கட்டடத்தை மட்டும் பார்த்தால் சாமிக்கண்ணு வின்சென்ட்டை எங்கே வைப்பீர்கள்? திருச்சி ரயில்வே குமாஸ்தா. 1905இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் உடம்பு சரியில்லாமல் ஊர் திரும்பும்போது அவரிடமிருந்து புரொஜெக்டரையும் படங்களையும் வாங்கி, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராக டென்ட் அடித்தவர். மக்களுக்குப் படம் காட்டியது டென்ட்தான். கோயம்புத்தூரில் அவர் கட்டிய வெரைட்டி ஹால் 1914இல்தான் வந்தது. என் அனுபவம் என்று கேட்டால், அந்த ஹால் டிலைட் தியேட்டர் என்று பெயர் மாறிய பிறகு அங்கே இரண்டு இந்திப் படம் பார்த்தேன். மூட்டைப்பூச்சி கடித்தது. வின்சென்ட் பெயர் அப்போது எனக்குத் தெரியாது.

மூணாவது மாடி

புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் 11 வருடம் வாடகைக்கு இருந்தேன். தெற்கில் எடுத்த முதல் முழுநீளப் படமான 'கீசக வத'த்தை நடராஜ முதலியார் அந்த ரோட்டில் போட்ட ஸ்டுடியோவில்தான் எடுத்தார் என்பது வீட்டைக் காலி செய்த பிறகு தெரிந்தது. முதலியார் கார் உதிரிபாக வியாபாரி. தண்ணீர் லாரி வரவில்லை என்று அதே ரோட்டில் குடத்தோடு நின்றதுதான் என் பங்கு. (பழங்கணக்கு ஐயா, "முதல்" சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்.)

கடைசிவரிசை

திருவனந்தபுரத்தில் ஒரு திரைவிழாவில் 'மார்த்தாண்ட வர்மா' பார்த்தேன், 1933இல் வந்தது. தெற்கின் ஊமைப்படங்களில் கிட்டத்தட்ட முழுதாகப் பிழைத்தது அது ஒன்றுதான். பிழைத்த கதைதான் வேடிக்கை. படத்துக்கு மூலமான நாவலின் உரிமை தங்களுடையது என்று புத்தகக் கம்பெனி வழக்குப் போட்டு, படம் சீக்கிரமே முடக்கப்பட்டு, பிரதி அவர்கள் கைக்குப் போனது. அங்கேயே கிடந்ததை 1974இல் புனே திரைப்பட ஆவணக் காப்பகம் வாங்கியது. ஒழுங்காக ஓடியிருந்தால் மற்றப் படங்களைப் போல ஊர் ஊராகத் தேய்ந்து போயிருக்கும்.

நான் சொல்ல வந்தது அதில்லை. எனக்குப் பின்னால் ஒரு வயதான ஜோடி. திரையில் எழுத்து வரும்போதெல்லாம் அந்தத் தாத்தா மனைவிக்கு வாசித்துக் காட்டினார். மெல்லத்தான். முன்வரிசையில் ஒருத்தன் "ஷ்ஷ்" என்றான். அப்புறம் நானும் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். அவர் நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பாட்டி, "எந்தா எழுதியிரிக்குன்னே?" என்று கேட்டார். தாத்தா பதில் சொல்லவில்லை.

அந்தக் காலக் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லவே ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள் என்று பிறகு படித்தேன். படிக்காமலே இருந்திருக்கலாம்.

வெள்ளிரதம்

அப்பாவுக்கு 2016இலிருந்து காது சுத்தமாகக் கேட்காது. மெஷின் வைக்க மாட்டார். டிவி பார்ப்பதை விட்டுவிட்டார். ஒருநாள் ஹாலில் ஊமைப்படக் காமெடியன் பஸ்டர் கீட்டனின் 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' போட்டுக்கொண்டிருந்தேன். புயல் காட்சி தெரியும்தானே, வீட்டின் முன்சுவர் மொத்தமும் அப்படியே சாயும், மாடி ஜன்னல் ஓட்டை இருக்கும் இடத்தில் மனுஷன் நிற்பதால் தப்பிப்பான். நிஜச் சுவர், சில அங்குலம் பிசகினால் ஆள் காலி. அப்பா எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியாது. சுவர் விழுந்ததும் என் தோளைப் பிடித்த பிடி, இரண்டு நாள் வலித்தது.

உட்கார்ந்து முழுதும் பார்த்தார். எனக்கு முந்தியே சிரித்தார். பல வருடங்களுக்குப் பிறகு ஒரு ஜோக் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. மறுநாள் காலை, "அந்த மூஞ்சி மாறாத பையன் படம் வேற இருக்கா?" என்றார். இருந்தது. நான்தான் ஆபீஸ் ஆபீஸ் என்று போய்விட்டேன். மூன்று மாதத்தில் பார்வையும் மங்கிவிட்டது.

சர்லிதாசன்

வெள்ளிரதம், அப்பாவுக்கு நீங்கள் சாப்ளினைக் காட்டியிருக்க வேண்டும். கீட்டன் சர்க்கஸ், சாப்ளின் மனசு. 'சிட்டி லைட்ஸ்' படத்தில் பூக்காரி அவனைப் பணக்காரன் என்று நினைக்கும் அந்த ஒரு காட்சியை 342 தடவை எடுத்ததாகச் சொல்வார்கள். 1931, பேசும்படம் வந்து ஊரே பேசிக்கொண்டிருக்கும்போது வாய் திறக்காமல் எடுத்தார். நான் அதை 9ஆம் வகுப்பில் தூர்தர்ஷனில் பார்த்தேன், அழுதேன், அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இங்கே எல்லாரும் தப்பாகப் பார்க்கிறீர்கள் என்று தோன்றுகிறது, அதனால் சொல்கிறேன். யூடியூபில் முதலில் வருவதைத் திறக்காதீர்கள். அந்தக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். விநாடிக்கு 16, 18, 20 ஃப்ரேம் (தனித்தனிப் படம்) என்று படத்துக்குப் படம், சில சமயம் காட்சிக்குக் காட்சி மாறும். அதை 24இல் ஓட்டினால் எல்லாரும் எறும்பு கடித்த மாதிரி ஓடுவார்கள். "ஊமைப்படம்னாலே வேகமா நடப்பாங்க" என்று நம் ஜனம் நினைப்பது இதனால்தான். ஓடும் நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள், மிகவும் குறைவாக இருந்தால் வேகமாக ஓட்டியிருக்கிறார்கள் அல்லது வெட்டியிருக்கிறார்கள். 'கோல்ட் ரஷ்' பார்ப்பவர்கள் 1925 பிரதியைத் தேடுங்கள். 1942இல் சாப்ளினே தன் குரலைப் போட்டு, கடைசி முத்தத்தையும் வெட்டி மறுபடி வெளியிட்டார். அது வேறு படம். அப்புறம் நிறம். நீலம் என்றால் ராத்திரி, மஞ்சள் கலந்த பழுப்பு என்றால் விளக்கு வெளிச்சம். சுருளையே சாயத்தில் முக்குவார்கள். கறுப்பு வெள்ளையாக மட்டும் இருக்கும் பிரதியில் நடுராத்திரி நடப்பது மத்தியானம் மாதிரி தெரியும், கதையே புரியாது. இசை பிடிக்கவில்லையென்றால் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள், உங்கள் பாட்டைப் போடாதீர்கள். ஒருத்தர் இளையராஜா போட்டுப் பார்த்தேன் என்றார், பேச்சை நிறுத்திவிட்டேன்.

வெள்ளிரதம்

சர்லிதாசன் அண்ணா, அப்பாவுக்கு இசை எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். படித்தீர்களா இல்லையா?

கீட்டன் சர்க்கஸ் என்றதற்கும் ஒன்று. 'ஷெர்லாக் ஜூனியர்' எடுக்கும்போது ரயில் தண்ணீர்க் குழாய் மேலே கொட்டிக் கழுத்து எலும்பு உடைந்தது, வருடங்கள் கழித்து எக்ஸ்ரேயில்தான் அவருக்கே தெரிந்தது. வலியோடு எழுந்து மிச்ச ஷாட்டுக்குப் போனவர். அதற்கும் மனசு வேண்டும்.

சர்லிதாசன்

படித்தேன். அவசரத்தில் எழுதிவிட்டேன் தம்பி. அப்பாவுக்கு என் வணக்கம்.

புதுக்கோட்டை சைக்கிள்

எங்கள் ஊர் ராஜா சாண்டோவை ஒருத்தரும் சொல்லவில்லை. நாகலிங்கம் என்று பெயர், கசரத்து உடம்பு. அந்தக் காலப் பிரபல பலசாலி யூஜின் சாண்டோ பெயரில் பாதியை எடுத்துக்கொண்டு பம்பாயில் ஊமைப்பட நாயகனாகக் கொடிகட்டி, மெட்ராஸ் வந்து 'பேயும் பெண்ணும்', வை. மு. கோதைநாயகி நாவலை வைத்து 'அனாதைப் பெண்' எல்லாம் இயக்கியவர்.

என் விஷயம் சின்னது. ஆச்சி வீட்டு அலமாரித் தட்டில் ஊறுகாய் ஜாடிக்கு அடியில் பழைய சினிமா நோட்டீஸ் ஒன்று விரித்திருந்தார்கள். ரோஸ் கலர் தாள். "எட்டி போலோ" என்ற பெயரும், குதிரை மேல் ஓர் ஆளும், ஜாடியின் எண்ணெய் வட்டமும் மட்டும் தெரிந்தது. அமெரிக்கச் சண்டைத் தொடர்களில் வந்த எட்டி போலோதான். கொட்டகை பெயர் எண்ணெய்க்கு அடியில். தீபாவளிக்கு வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அதற்குள் வெள்ளையடித்தார்கள். அலமாரிக்கு இப்போது பிளாஸ்டிக் ஷீட்.

பழங்கணக்கு

எண்ணெய்க் கறை பட்ட தாளை இரண்டு அமிலமில்லாத காகிதத்துக்கு நடுவில் வைத்து, கனமான புத்தகம் ஏற்றி...

புதுக்கோட்டை சைக்கிள்

ஐயா, தாள் போய்விட்டது.

கொட்டகைவாசி

கடைசிவரிசை எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள், "அந்தப் பாட்டி கேட்டப்போ நீங்க திரும்பிப் படிச்சுச் சொல்லியிருக்கலாமே"ன்னு அவரிடம் சொல்லச் சொன்னாள்.

யாராவது கட்டடக் கலை படித்தவர் இருந்தால் அந்தத் திரைச் சுவரைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். மகளின் ப்ராஜெக்டுக்கு இன்னும் நாலு தபால்தலை குறைகிறது. திங்கட்கிழமை எப்படியும் போவேன்.