முழங்கால் வலிக்கு மாத்திரையின்றி வழி உண்டா?

கேள்வி (பினாங்கு): 65 வயதான என் அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம் உள்ளது, வலி மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாததால் மருத்துவர் அதை நிறுத்திவிட்டார். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலின் 500-க்கும் மேற்பட்ட படிகளை ஏறியவர், இன்று எழும்போதே நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்கிறார். வேறு என்ன செய்யலாம்?

பதில்: தொடைத் தசையை வலுப்படுத்துங்கள், ஐயா. அமர்ந்தபடியே காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்கச் சொல்லுங்கள். தசை தாங்கினால்தான் மூட்டின் சுமை குறையும். என் வலி தணிய இரண்டு மாதப் பொறுமை தேவைப்பட்டது.

பதில்: காலையில் வரும் விறைப்புக்கு வெந்நீர் ஒத்தடமும், வீக்கத்திற்குத் துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வைப்பதும் உதவும். மூட்டு சிவந்து காய்ச்சலும் கண்டால், தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.