தறிச்சத்தத்தில் மாட்டிய வசனம்: யாராவது கை கொடுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் ஒரு குறும்படம் எடுத்திருக்கிறோம். எடிட்டிங் ஓரளவு ஆயிற்று, வசனம்தான் இழுக்கிறது. முக்கியக் காட்சி ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையில். பக்கத்து வீட்டில் விசைத்தறி. நிறுத்தச் சொல்ல மனசு வரவில்லை, அவர்களுக்கு அது கூலியாயிற்றே.

மின்விசிறி இரைச்சலும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஹம்மும் தொல்லையில்லை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டரும், 100, 150-இல் அந்த ஒலியை மட்டும் குறைக்கும் நாட்ச் ஃபில்டரும் வைத்ததும் பெரும்பாலும் அடங்கிவிட்டது.

தறிதான் அடங்கவில்லை. ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் பேச்சில்லாத இடத்தை மாதிரியாகக் கொடுத்து, இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டேன். அது ஒரே சீராக ஓடும் இரைச்சலுக்குத்தான் சரி. தறியில் நூலோடு குறுக்கே ஓடும் நாடா அடிக்கும் 'டக் டக்' விட்டு விட்டு வருவதால் பிடிபடவில்லை. அளவைக் கூட்டினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஆகிறது. "ஏண்டா, சாப்ட்டியா?" என்று ஆயா கேட்கும் இடத்தில் 'சா' மேலேயே ஓர் அடி விழுந்து எழுத்தே போய்விட்டது.

டப்பிங் பேசலாமே என்பீர்கள். நடித்த ஆயா நிஜமாகவே தறி நெய்தவர். மைக் முன்னால் உட்கார வைத்தால் அந்த இழுவை வரமாட்டேன் என்கிறது.

ஒலியைப் படமாகப் பார்த்துத் திருத்தும் ஸ்பெக்ட்ரல் எடிட்டிங்கில் ஒவ்வோர் அடியாகத் துடைத்துப் பழகியவர்கள் இருக்கிறீர்களா? இல்லை, டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளின் ஸ்டுடியோ பதிப்பு வைத்திருப்பவர்கள், குரலை மட்டும் பிரித்தெடுக்கும் வாய்ஸ் ஐசோலேஷனில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துத் தர முடியுமா? என்னிடம் இருப்பது இலவசப் பதிப்பு, அதில் அந்த வசதி இல்லை. வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். வேலூர், காட்பாடி பக்கம் என்றால் ஹார்ட்டிஸ்கோடு நேரிலேயே வருகிறேன். சும்மா செய்து தர வேண்டாம், தொகையைச் சொல்லுங்கள். எல்லாம் சொந்தக் காசு, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.