ஒரு ஃபார்வர்டும் இரண்டு புளியங்கொட்டைகளும்

எங்கள் குடும்பக் குழு, 2025 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை

பெரியப்பா, மாலை 6.12
(பலமுறை பகிரப்பட்டது) "ஆண்டில் பாதி நாள் விடுமுறை, மீதி நாள் கையில் செல்போன், மாதம் பிறந்தால் கை நிறையச் சம்பளம், பெற்ற பிள்ளைகள் மட்டும் தனியார் பள்ளியில். நம் வரிப்பணத்தில் வாழும் அரசுப் பள்ளி ஆசிரியர்களைக் கேள்வி கேட்க ஆளில்லையா?"

பெரியப்பா, 6.14
மற்றதெல்லாம் எப்படியோ, கடைசி வரி நியாயமாகத்தான் படுகிறது.

அண்ணன், 6.31
பெரியப்பா, 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் வேலைநிறுத்தம் நடந்தபோதும் ஏறக்குறைய இதே வாசகங்கள் நமக்கு வந்தன. அரசுப் பள்ளி ஆசிரியரான சித்தி அன்றும் இந்தக் குழுவில்தான் இருந்தார்.

பெரியப்பா, 6.35
அவளையா சொன்னேன்? பொதுவாகச் சொன்னேன்.

சித்தி, இரவு 8.52
அத்தான், வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்காகப் படிவங்களைக் கொடுத்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்குள் காலை வைத்தேன். 4ஆம் தேதியிலிருந்து பள்ளி விட்டதும் இதே வேலைதான். இன்று ஞாயிறு என்பதால் காலையிலேயே கிளம்பிவிட்டேன். பழைய பட்டியலில் தன் பெயர் எந்தப் பாகத்தில் இருந்தது என்று தெரியாத ஒரு பாட்டிக்கு அதைத் தேடிக் கொடுப்பதற்கே முக்கால் மணி நேரம் ஆயிற்று.

சித்தி, 9.05
செய்தியைப் படித்தேன். அதில் ஒன்று உண்மை. அதை நானே ஒப்புக்கொள்கிறேன். என் மகளை மெட்ரிக் பள்ளியில்தான் படிக்க வைத்தேன். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்க்கும் பள்ளியில் ஒரு குழந்தைக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பது உள்ளே இருக்கும் எனக்குத் தெரியும் என்பதால்தான் அப்படிச் செய்தேன், அதற்காக இன்றும் மனம் உறுத்துகிறது. அறுபது குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்று கல்வி உரிமைச் சட்டம் கணக்குப் போடுகிறது. என் பள்ளியில் 43 பேர். ஆகவே காகிதத்தில் ஒரு குறையும் இல்லை.

அண்ணன், 9.09
சித்தி, நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

சித்தி, 9.24
இல்லையப்பா, ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் "பட்டம்" என்ற சொல்லைப் "படடம" என்றே வாசித்துக்கொண்டிருந்தான். கவனமில்லாத பிள்ளை என்று நானும் ஒரு மாதம் திட்டியிருக்கிறேன். ஒருநாள் அவன் சிலேட்டில் நான் எழுதிக் கொடுத்ததும் டகரத்தின் மேலிருந்த புள்ளியை விரலால் துடைத்துவிட்டு, "டீச்சர், பல்பத் தூள் ஒட்டியிருக்கு" என்றான். அன்றுதான் எனக்கு விளங்கியது: அவனுக்குப் புள்ளி என்பது எழுத்தின் பகுதியே இல்லை, தட்டிவிட வேண்டிய தூசி. மறுநாள் இரண்டு புளியங்கொட்டைகளைக் கொண்டுபோய் ஒன்றை டகரத்தின் தலையிலும் மற்றொன்றை மகரத்தின் தலையிலும் வைத்தேன். கொட்டை இருந்தால் வாய் மூட வேண்டும், எடுத்தால் திறக்க வேண்டும் என்று விளையாட்டாகத் தொடங்கி, மற்றப் பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்த இடைவெளிகளில் மட்டும் அவனோடு உட்கார்ந்து, 19 நாள்கள் ஆயின. இருபதாம் நாள் சாலையில் போன பேருந்தின் பெயர்ப்பலகையைப் பார்த்துக் "கடையநல்லூர்" என்று தானாகவே வாசித்தான். அந்த 19 நாள்களைப் பதிவதற்கு, பள்ளி விவரங்களை நாங்கள் ஏற்றும் எமிஸ் என்ற அரசுச் செயலியில் ஒரு கட்டமும் இல்லை.

பெரியப்பா, 9.33
இதைப் படித்து எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் எங்கள் ஊர்ப் பள்ளிக்குப் பதினொரு மணிக்கு வந்து மூன்று மணிக்குப் போன ஒரு வாத்தியாரையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேனே, அதை என்ன செய்வது?

சித்தி, 9.41
அவரைக் கேட்கத்தான் வேண்டும், அத்தான். பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். "நேற்று ஏன் வரவில்லை" என்று அங்கே எழுந்து நின்று, தேதியோடு, ஆளோடு கேட்கலாம். எங்கள் கடைசிக் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஆறே பேர். அந்த ஆறு பேரில் ஓர் அம்மா கழிவறைக்குத் தண்ணீர் ஏன் வரவில்லை என்று என்னைத் துளைத்து எடுத்துவிட்டார். எனக்குக் கோபமே வரவில்லை. இந்தச் செய்தியைப் படித்தால் வருகிறது, ஏனென்றால் இதில் கேள்வியும் இல்லை, கேட்கப்படும் ஆளும் இல்லை.

சித்தி, 9.46
2016 நவம்பரில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது நீங்கள் நள்ளிரவு வரை கிளையில் நோட்டு எண்ணிக்கொண்டிருந்தீர்கள். "பேங்க்காரன் பின்வாசலில் மாற்றிக் கொடுக்கிறான்" என்று ஊரே பேசியது. அக்கா என்னிடம் தொலைபேசியில் அழுதாள். உங்களுக்கு இது தெரியுமோ தெரியாதோ.

பெரியப்பா, 9.58
தெரியாது.

அண்ணன், 10.02
சித்தி, ஆசிரியர் தகுதித் தேர்வு என்ன ஆயிற்று? உங்களுக்கும் உண்டா?

சித்தி, 10.10
உண்டு. ஓய்வுபெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்று செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. எனக்கு இன்னும் ஒன்பது ஆண்டு இருக்கிறது. 2004இல் சேர்ந்ததால் பழைய ஓய்வூதியமும் கிடையாது, இப்போது தேர்வும் வந்துவிட்டது. தேர்வே கூடாது என்று எங்கள் ஆட்கள் சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. படிப்பது யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் 21 ஆண்டுகள் பாடம் நடத்திய பிறகு, வரும் சனிக்கிழமை என் மகள் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து 150 மதிப்பெண்ணுக்கு எழுதப் போகிறேன், கையில் இன்னும் மூன்று தெருக்களின் படிவம் பாக்கி.

பெரியப்பா, 10.19
கணிதத்தில் 30 கேள்விகள் வரும் என்கிறார்கள். முடியாத கணக்குகளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. வட்டிக் கணக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சித்தி, 10.21
வட்டிக் கணக்கு எனக்கும் வரும், அத்தான். குழந்தை உளவியல்தான் பயமாக இருக்கிறது. புத்தகத்தில் இருக்கும் குழந்தை வேறு மாதிரி இருக்கிறது.

அண்ணன், 10.22
பெரியப்பா, அந்தப் படிவத்தை நிரப்பிவிட்டீர்களா?

பெரியப்பா, 10.24
இன்னும் இல்லை. எங்கள் தெருவுக்கு வருபவரும் ஒரு டீச்சர்தான். நேற்று மாலை வந்தார், நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.