"நம்ம தறவாடு" குடும்ப குரூப்: ஸ்விஃப்ட்டுக்கு சஸ்பென்ஷன்

நான்: எல்லாரும் இருக்கியளா, ஒரு விஷயம் கேக்கணும். நம்ம 2014 டீசல் ஸ்விஃப்ட் குலசேகரம் ரூட்ல இப்ப ஓட்டவே பிடிக்கல. வேர்கிளம்பி தாண்டுனதும் முன்னாடி எடது பக்கம் கடகடன்னு சத்தம், சின்ன குழில தான் கேக்கு, பெரிய குழின்னா டொம்முன்னு ஒரே அடி. அம்மைக்கு நடுவு (இடுப்பு) வலி வேற. மொத்தமா மாத்தி நல்ல சஸ்பென்ஷனா (ஸ்பிரிங்கு, ஷாக் அப்சார்பர் எல்லாம்) போட்டுரலாம்னு பாக்கேன், எது போடலாம்

பெங்களூர் தம்பி: அண்ணே யோசிக்கவே வேண்டாம் கோயிலோவர் போடு, ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒண்ணா வாற செட்டு. ஹைட்டும் மாத்தலாம், ஆட்டத்த அடக்குக டேம்பிங்கும் மாத்தலாம். என் ஃப்ரண்டு போலோல போட்டிருக்கான், வளைவுல ஒட்டிக்கிட்டு போகும்

தக்கலை அத்தான்: உன் ஃப்ரண்டு எந்த ரோட்டுல ஓட்டுகான்

பெங்களூர் தம்பி: எலக்ட்ரானிக் சிட்டி ஃப்ளைஓவர்ல

தக்கலை அத்தான்: அதான் கேட்டேன்

சித்தப்பா: *பலமுறை பகிரப்பட்டது* மைலேஜ் கூட 10 வழிகள், தவறாமல் பார்க்கவும்

குலசேகரம் சித்தி: எப்ப வாறியன்னு சொல்லுங்க, ரெண்டு குலை ஏத்தங்கா வெட்டி வச்சிருக்கு, பழுத்துரும்

மார்த்தாண்டம் மாமா: மக்கா வண்டி எவ்வளவு ஓடிருக்கு. ஷாக் எப்பவாவது மாத்துனியா

நான்: ஒரு லட்சம் தாண்டியாச்சு மாமா. ஷாக் நாலும் கம்பெனில வந்ததுதான். பின்னாடி வலது பக்கத்துல உள்ளதுல மட்டும் செம்மண்ணு கட்டியா ஒட்டிக் கெடக்கு, தொட்டா பிசுபிசுன்னு இருக்கு

மார்த்தாண்டம் மாமா: பொறவு என்னத்துக்குடே அப்கிரேடு பேச்சு. அது எண்ணெ கசிஞ்சு மண்ணு பிடிச்சு கெடக்கு, ஷாக் போயாச்சு. ஸ்பிரிங்கு வண்டி வெயிட்ட தாங்கும், குழில அமுங்கி மேல வரும், அது ஆடிக்கிட்டே கெடக்காம அடக்குகது ஷாக்குதான், உள்ள சின்ன ஓட்டை வழியா எண்ணெ போய் வரப்போ வேகம் கொறயும், எண்ணெ வெளிய வந்துட்டா ஸ்பிரிங்கு தன் இஷ்டத்துக்கு ஆடும் டயரு தரைய விட்டு சாடும். டயரு மேல உள்ளங்கைய வச்சு சுத்தி தடவிப் பாரு

நான்: பாத்தேன் மாமா. அங்கங்க குழி விழுந்த மாதிரி மேடும் பள்ளமுமா இருக்கு, பின் டயர்ல தான் கூட

மார்த்தாண்டம் மாமா: ம். அப்போ சந்தேகமே இல்ல

மார்த்தாண்டம் மாமா: முன்னாடி சத்தம் வேற கேசு. சின்ன குழில கடகடன்னா லிங்க் ராடு (வண்டி சரியாம பிடிக்க கம்பிய சேக்குகது), இல்லன்னா லோயர் ஆர்ம் புஷ்ஷு (வீல கீழ பிடிக்குக கைல உள்ள ரப்பர்). ஸ்டியரிங் திருப்பும்போ டொக்குன்னு கேட்டா முன் ஷாக்க மேல பாடில மாட்டுக எடத்துல உள்ள ஸ்ட்ரட் மவுண்டு பேரிங்கு. பெரிய குழில டொம்முன்னு வருகது பம்ப் ஸ்டாப், அதான் கடைசி அடிய தாங்குக கட்டை, பொடிஞ்சு போயிருக்கும், இரும்பும் இரும்பும் அடிக்கும். இதுல பாதியும் ரப்பர் சாமான், நம்ம ஊர்ல ரப்பர் மரம்தான் நெறய நிக்கு, காருக்குள்ள உள்ள ரப்பரு பத்து வருசத்துல வெடிச்சிரும்

பெங்களூர் தம்பி: மாமா எப்படியும் கழட்டத்தானே போறிய, அப்பவே கோயிலோவர் போட்டா லேபர் மிச்சம்லா

மார்த்தாண்டம் மாமா: மக்கா நீ படிச்ச பிள்ள, நீயே சொல்லு. அந்த சாமான் பெரும்பாலும் வண்டிய தாழ்த்தி ஓட்டுகதுக்கு உள்ளது, ஸ்பிரிங்கு டைட்டா இருக்கும். நம்ம ரோட்டுக்கு வேண்டியது வீலு மேலயும் கீழயும் நல்லா எறங்கி ஏற எடம். வண்டிய தாழ்த்துனா அந்த எடம் கொறஞ்சுரும். அதுபோக ஷாக்கு திரும்பி வருகத ரொம்ப டைட்டாக்கி வச்சா, வரிசையா குழி வரும்போ ஒரு குழில அமுங்குன வீலு கீழ எறங்கும் முன்ன அடுத்த குழி வந்துரும், அப்டியே அமுங்கி அமுங்கி கடைசில பம்ப் ஸ்டாப்புல போய் நிக்கும். பேச்சிப்பாறைல இருந்து கோதையாறு ஏறுக ரோட்டுல ஓட்டிப் பாரு தெரியும்

தக்கலை அத்தான்: அதோட இவன் வீடு குளச்சல்ல. உப்புக்காத்துல வாசல் கேட் கொண்டியே துரு பிடிக்கு, கோயிலோவர்ல மரை வெட்டுனது வெளிய தெரியும்படி இருக்கும், ஒரு மழைக்காலம் சேறும் உப்பும் அடிச்சா பொறவு ஹைட்டு மாத்த ஸ்பேனர் போட்டு மல்லுக்கட்டணும். நமக்கு ஆனி ஆடிலயும் மழ, ஐப்பசி கார்த்திகைலயும் மழ

பெங்களூர் தம்பி: செரி தாழ்த்த வேண்டாம், உசத்தலாம்லா. ஸ்பிரிங்கு மாட்டுக எடத்துல ஸ்பேசர்னு ஒரு கட்டை போட்டா ரெண்டு இஞ்சு ஏறும். ஸ்விஃப்ட் கிரவுண்ட் கிளியரன்ஸ் 170 மில்லி தான், சித்தி வீட்டு ஏத்தத்துல அடி தட்டுகுன்னு அண்ணன் அன்னைக்கும் சொன்னான்

குலசேகரம் சித்தி: எங்க வீட்டு ஏத்தத்துல ஆட்டோ வருகு, பால்காரன் வண்டி வருகு, உங்க காருக்கு மட்டும் என்னவாம்

தக்கலை அத்தான்: கீரிப்பாறை பக்கம் ஓடுக ஒரு வண்டில இத போட்டு பாத்திருக்கேன். உசரமாத்தான் நின்னுச்சு. வீல சுத்துக டிரைவ் ஷாஃப்ட் சரிஞ்சு ஓடி ஓடி அதுல உள்ள ரப்பர் உறை கிழிஞ்சு கிரீஸ் எல்லாம் வீலுக்குள்ள தெறிச்சு கெடந்து, டிரைவர் பாக்காம ஓட்டிட்டான், ஜாயிண்டுக்குள்ள சேறு போய் கடைசில ஷாஃப்ட்டே மாத்துனான். வளைவுல ஆட்டமும் கூட

மார்த்தாண்டம் மாமா: கம்பெனி குடுத்தத நம்ம இஷ்டத்துக்கு மாத்தி ஓட்டக்கூடாதுன்னு மோட்டார் வாகன சட்டத்துல 52ஆம் பிரிவுன்னு ஒண்ணு உண்டு. 2019ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லியாச்சு. ஒரு இடி கிடி ஆனா இன்சூரன்ஸ்காரன் அதைத்தான் மொதல்ல பாப்பான்

அம்மா: இடி கிடின்னு எதுக்கு வாய வைக்கிய தம்பி

நான்: மாமா, இங்க ஒரு கடைல ஸ்பிரிங்குக்கு நடுவுல வைக்க ரப்பர் பஃபர் வச்சா போதும், ஷாக்கே மாத்தாண்டாம்னு சொல்லுகான்

மார்த்தாண்டம் மாமா: அவனுக்கு அது அஞ்சு நிமிச வேல, அதான் சொல்லுகான். சுருளுக்கு நடுவுல அத வச்சா அந்த எடத்துல ஸ்பிரிங்கு அசையாது, மிச்ச சுருள்தான் வேல செய்யணும், வண்டி உசரும் ஆனா கல்லு மாதிரி ஆயிரும். எண்ணெ இல்லாத ஷாக்கு மேல டைட்டான ஸ்பிரிங்கு, உங்க அம்மைக்கு நடுவு பொறவு மிஞ்சாது

பெங்களூர் தம்பி: அலாய் வீலாவது மாத்தலாமா 😭 195/50 R16 சூப்பரா இருக்கும்

தக்கலை அத்தான்: இப்ப உள்ளது 165/80 R14 தானே. ரெண்டுலயும் டயர் சுவரு எவ்வளவு உசரம் வரும்னு கணக்கு போட்டு சொல்லு

பெங்களூர் தம்பி: 165ல 80 சதவீதம் 132 மில்லி

பெங்களூர் தம்பி: 195ல பாதி 97.5

பெங்களூர் தம்பி: ஓ

தக்கலை அத்தான்: குழில மொதல்ல அமுங்குகது அந்த சுவருதான். அத கொறச்சா ரிம்மு வளையும் டயரு பக்கத்துல வீங்கும். காத்தும் பாத்து அடிக்கணும், பங்க்ல பையன் கேக்காம 40 அடிச்சு விடுவான், டிரைவர் டோர் திறந்தா தூண்ல ஸ்டிக்கர் இருக்கும், அதுல உள்ளத காலைல வண்டி ஓடாம இருக்கும்போ அடிக்க சொல்லு. பாதி ஆட்டம் அதுலயே போகும்

சித்தப்பா: நைட்ரஜன் நல்லதாம்லா

தக்கலை அத்தான்: அளவு சரியா இருந்தா சாதா காத்தே போதும் சித்தப்பா

நான்: அப்போ நல்லதா ஒண்ணும் போடவே முடியாதா மாமா

மார்த்தாண்டம் மாமா: போடலாமே. கேஸ் ஷாக் போடு, எண்ணெயோட கேஸும் அடைச்சது. சாதா எண்ணெ ஷாக்கு மோசமான ரோட்டுல நேரம் ஓடிச்சின்னா சூடாயி உள்ள எண்ணெ நுரைக்கும், பொறவு பிடிப்பு இருக்காது. கேஸ் உள்ளதுல நுரை கொறவு. கயபா, மன்றோ, கேப்ரியல் எதுன்னாலும் செரி, பில்லு போட்டு தாற கடைல வாங்கணும், டூப்ளிகேட்டு ஒருபாடு கெடக்கு. டீசலுக்கு முன்பக்கம் எஞ்சின் வெயிட் கூட, பெட்ரோலுக்கு உள்ளத தலைல கட்டுவான், பார்ட் நம்பர் பாத்துக்க. நாலும் மாத்தலாம், இல்லன்னா முன்னாடி ரெண்டும் சோடி பின்னாடி ரெண்டும் சோடி, ஒத்தையா மாத்தாத. கூடவே மவுண்டு, பேரிங்கு, பம்ப் ஸ்டாப்பு, டஸ்ட் கவரு, லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ்ஷு. ஸ்பிரிங்கு உடையாம தாழாம இருந்தா அதுவே போதும். எல்லாம் சேத்தாலும் கோயிலோவர் விலைல பாதி வராது

மார்த்தாண்டம் மாமா: இன்னொண்ணு, எங்க குடுத்தாலும் பக்கத்துல நின்னு பாரு. புஷ்ஷு போல்ட்ட ஜாக்கில வீலு தொங்கிக்கிட்டு இருக்கும்போ முழுசா முறுக்குவானுவ. அப்டி முறுக்கி வண்டிய கீழ எறக்குனா ரப்பரு நிக்குகப்பவே முறுகி நிக்கும், ஒவ்வொரு குழிலயும் இன்னும் முறுகும், சீக்கிரமே கிழிஞ்சுரும், பொறவு சாமான் மோசம்னு கம்பெனிய ஏசுவிய. வீலு தரைல நின்னு வெயிட்டு ஏறுன பொறவுதான் கடைசி முறுக்கு. இத சொல்லி சொல்லி என் வாயே வலிச்சு போச்சு, நம்ம ஷாப்பு பையனுவளே மறந்து போவானுவ. ஸ்பிரிங்கு கழட்டுகத மட்டும் யூடியூப் பாத்து வீட்டுல வச்சு செய்யாத, ஸ்பிரிங்க அமுக்கிப் பிடிக்குக கம்ப்ரசர் வழுக்குனா ஆள கொல்லும்

நான்: இல்ல மாமா உங்ககிட்டதான் கொண்டு வாறேன். வீல் அலைன்மெண்ட்டும் பாக்கணும்லா

மார்த்தாண்டம் மாமா: அது கடைசில. புதன்கெழம கொண்டு விடு, இன்னைக்கே சாமானுக்கு சொல்லுகேன், வெள்ளிக்கு தந்துரலாம்

அம்மா: ஞாயித்துக்கெழம கருங்கல்ல கல்யாணம் இருக்கு. வண்டி உண்டுமா இல்லியா

தக்கலை அத்தான்: லேட்டானா நான் வந்து கூட்டிட்டு போறேன் அத்தை. என் வண்டில பின் சீட்டு ஆடாது

குலசேகரம் சித்தி: ஏத்தங்காய யாருகிட்ட குடுத்து விட

பெங்களூர் தம்பி: மாமா அந்த பழைய ஷாக்க தூரப்போடாதீங்க, நான் லீவுக்கு வரும்போ வேணும்

மார்த்தாண்டம் மாமா: என்னத்துக்குலே

பெங்களூர் தம்பி: கிரைண்டர் வச்சு அறுத்து உள்ள எப்டி இருக்குன்னு பாக்க

மார்த்தாண்டம் மாமா: லேய் அதுல தொடாத. கேஸ் உள்ளதுன்னா உள்ள பிரஷர் நிக்கும், அறுத்தா மூஞ்சில தெறிக்கும். எண்ணெ கசிஞ்சதுலயும் மிச்சம் இருக்கும். ஷாப்புல நான் பக்குவமா காத்து எறக்கி அறுத்தது ஒண்ணு கெடக்கு, வந்தா காட்டுகேன்